இரண்டு காலுக்கு மூன்று பெடல்

காட்டுப்பாதையில் ஓட்டவென்றே ஒரு வண்டி வாங்கப் போகிறவர், மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "மேனுவல்தான் சார், வண்டி நம்ம பேச்சைக் கேக்கும்." கேட்கத்தான் செய்யும். மேட்டில் பாதி ஏறி இன்ஜின் அணைந்து நிற்கும்போது நாம் பேசுவதையும் சேர்த்தே கேட்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு நாலைந்து தடவை மட்டும் மலைக்கும் மணலுக்கும் போகிறவருக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி. மேனுவலுக்காகச் சொல்லப்படும் காரணங்களில் பாதி மெக்கானிக் சமாசாரம், மீதி மீசை.

செங்குத்தான ஏற்றம், டயருக்கடியில் உருளும் சரளை, நடுவழியில் வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி கிளப்ப வேண்டுமானால் வலது கால் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டருக்குப் போயாக வேண்டும்; போகிற அந்த ஒரு கணத்தில் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். இடது கால் கிளட்ச்சில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நடுங்கும். பெடல் மூன்று, கால் இரண்டு. மூன்றாவது காலுக்குப் பதிலாக ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தால் ஸ்டியரிங்குக்கு ஒரு கைதான் மிச்சம். முன்சக்கரமோ பாறையில் முட்டி அந்த ஸ்டியரிங்கையும் திருகிக்கொண்டிருக்கும். ஹாஃப் கிளட்ச்சிலேயே கொஞ்ச நேரம் பிடித்தால் கருகல் வாசனை வரும், பின்சீட்டுக்காரர் இறங்கி டயருக்கு அண்டக் கொடுக்கக் கல் தேடுவார். (பிற்பாடு கதை சொல்லும்போது வண்டியை மேலே ஏற்றியவரும் அவரேதான்.) ஆட்டோமேட்டிக்கில் உராய்ந்து கருக அந்தக் கிளட்ச் தட்டு கிடையாது. அங்கே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறியை வைத்தால் காற்றில் அதுவும் சுழலுமே, அந்த வேலையை இங்கே ஆயில் செய்கிறது. சக்கரம் நின்றாலும் இன்ஜின் அணையாது. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். இடது காலுக்கு வேலையே இல்லை, பிரேக்கில் வைத்துக்கொள்ளலாம்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கணக்கை எடுத்துப் போடுவார்கள். 2018 மாடல் ஜீப் ராங்லர் ரூபிக்கானில், ஊர்ந்து போவதற்கான லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டால், மேனுவலில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 84 சுற்றுச் சுற்றுகிறது, ஆட்டோமேட்டிக்கில் 77தான். ஆகவே பாறையில் ஊர்ந்து போகும் பலம் மேனுவலுக்கே என்பது வாதம். எண் சரி, முடிவு தப்பு. வண்டி நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது டார்க் கன்வெர்ட்டர் தன் பங்குக்கு இன்ஜினின் முறுக்குவிசையை ஒன்றரை மடங்குக்கு மேல், சிலவற்றில் இரண்டு மடங்கு வரை பெருக்கித் தருகிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் 77 ஜெயித்துவிடும். மணலில் மேனுவலின் கதி இன்னும் மோசம். அங்கே கியர் மாற்றக் கிளட்ச்சை மிதித்த மாத்திரத்தில் மணல் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். மஹிந்திரா தன் வண்டிக்குத் தார் என்று பாலைவனத்தின் பெயரை வைத்தது. 2020இல் வந்த புதிய தாரில் ஆட்டோமேட்டிக்கும் கொடுத்தது. பெயருக்கு அப்போதுதான் நியாயம் செய்தார்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் சொகுசு, ஆம்பிளை வண்டி இல்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் இரண்டு காடிலாக் இன்ஜின்களும் அவற்றோடு ஹைட்ரா-மேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களும் இருந்தன. 1980களில் வந்த ஹம்வீயும் ஆட்டோமேட்டிக்தான். குண்டு விழுகிற இடத்தில் இடது காலின் கௌரவத்தைப் பற்றி ராணுவம் கவலைப்படவில்லை.

எதிர்க்கட்சிக்கும் நியாயமான வாதங்கள் உண்டு. இறக்கத்தில் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுவிட்டு எல்லாப் பெடலையும் விட்டுவிட்டால், மேனுவல் வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக்கிலும் முதல் கியரைப் பூட்டலாம், ஆனால் ஆயில் கொஞ்சம் நழுவும், பிடி அந்த அளவுக்கு இறுகாது. இந்த ஒரு பாடத்தில் மேனுவலுக்கு முழு மார்க். பேட்டரி போனால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், ஆட்டோமேட்டிக்கை அப்படிச் செய்ய முடியாது என்பதும் நிஜம். ஆனால் கடும் ஏற்றத்தில் இரண்டு டன் வண்டியைத் தள்ள எத்தனை பேரை அழைத்துப் போவதாக உத்தேசம்? இன்னொன்று: ஏ.எம்.டி. என்று விற்பதை இந்த ஆட்டோமேட்டிக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குள்ளே இருப்பது அதே கிளட்ச்தான். மிதிப்பது மட்டும் மெஷின். மேட்டில் அதற்கும் கருகும்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு, 7,000 அடிக்கு மேல், கல் பெயர்ந்த பாதையில் விடியலுக்கு முன்பே ஆள் ஏற்றிப் போகும் பழைய மஹிந்திரா ஜீப்புகள் கியர் வண்டிகள்தானே? ஆமாம். அந்த வண்டியைப் பிரித்து மாட்ட மெக்கானிக் பக்கத்திலேயே கிடைப்பார், கிளட்ச் பிளேட் கிடைக்கும். அதைவிட முக்கியம், அந்த டிரைவரின் இடது கால். எந்தக் கல்லுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று அவருக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் காலுக்குத் தெரியும். தினமும் ஏறி இறங்கி வந்த ஞானம் அது; ஷோரூமில் வண்டியோடு சேர்த்துத் தரமாட்டார்கள். அப்படி ஒரு கால் இருப்பவர் தாராளமாக மேனுவல் வாங்கலாம். ஐந்து கதவு குர்கா என்ற வண்டி 2024இல் ஆட்டோமேட்டிக் இல்லாமலேயே வந்தது, யோசிக்கும் வேலையும் மிச்சம். மற்றவர்கள் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொண்டு, கொழுக்குமலைக்குப் போகும்போது மட்டும் அதைச் சூரியநெல்லியில் நிறுத்திவிட்டு அந்த ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள்.