பார்ட்னர் முறைக்கக் கூடாது!

சீட்டாடுகிறவர்களுக்குச் சங்கம் வேறு வேண்டுமா?
- ஒரு வாசகர், சேலம்

தங்கம் வேண்டாமா? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், சிப்நாத் சர்க்கார் ஜோடி பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது. பர்தனுக்கு அப்போது வயது 60. ஓட்டப் பந்தயத்தில் கிடைக்குமா இந்தச் சலுகை?

நல்ல சீட்டு வந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?
- ஒரு வாசகி, மதுரை

அதே நல்ல சீட்டு பக்கத்து மேஜைக்கும் போனால்? போட்டிகளில் அதுதான் நடக்கிறது. ஆடி முடித்ததும் நால்வரின் தலா 13 சீட்டுகளையும் ஒரு பலகையில் தனித்தனியாகச் செருகி அடுத்த மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே சீட்டை வைத்துக்கொண்டு யார் எப்படி ஆடினார் என்று ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். அதிர்ஷ்டத்துக்கு அங்கே நாற்காலி கிடையாது.

எங்கள் வட்டாரத்தில் பிரிட்ஜ் கிளப் வளர முதலில் என்ன வேண்டும்?
- ஒரு வாசகர், கோவை

புதியவர் தப்பாக ஒரு சீட்டைப் போட்டதும் முறைக்காத பார்ட்னர்!

ஏலம் கேட்கும் முறையை முதல் நாளே திணித்தால் வந்தவர் மறுவாரம் வரமாட்டார். முதலில் மினி பிரிட்ஜ் ஆடவிடுங்கள். அதில் ஏலமே இல்லை. கையிலுள்ள சீட்டுகளின் புள்ளிகளைக் கூட்டிச் சொல்லிவிட்டு நேராக ஆட்டத்தில் இறங்கலாம். வாரத்தில் ஒரு நாளை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வருகிறவருக்கு ஜோடி சேர்த்துக் கொடுப்பதை ஒருவர் பொறுப்பாகச் செய்ய வேண்டும். ஜோடி கிடைக்காமல் திரும்பிப் போனவரை மீண்டும் வரவழைப்பது மிகக் கடினம்.