மூன்று வால் ஊரில் ஒரு ரெட்டைவால்

பேரனுக்கு வீட்டுப்பாடம்: 'உனக்குப் பிடித்த ஒருவரைப் பேட்டி கண்டு எழுதி வா.' ஐந்தாம் வகுப்பு. சேதி கேட்டதுமே நான் துவைத்த சட்டைக்கு மாறி, தலையை வாரிக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். முப்பத்து நாலு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். சொல்ல எவ்வளவோ இருக்கிறது. பேரன் என்னைச் சுற்றிக்கொண்டு போய் டி.வி.யைப் போட்டான். அவன் பேட்டி காணப் போகிறவன் ஷின்சானாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஷின்சான் ஒரு ஜப்பான் பொடியன். யோஷிதோ உசுயி என்பவர் 1990-ல் வரையத் தொடங்கியபோது அவனுக்கு ஐந்து வயசு. இன்றைக்கும் ஐந்து வயசுதான். 2008-ல் நம் அரசாங்கமே, இவனைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப் போகின்றன என்று கொஞ்ச காலம் தடை போட்டுப் பார்த்தது. போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டான். இப்போது என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தமிழ் பேசுகிறான். என் பேச்சைவிட அவன் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

"இதெல்லாம் ஒரு வாலாடா? எங்க காலத்துல ரெட்டைவால் ரெங்குடுன்னு ஒருத்தன் இருந்தான். வாலுங்களுக்கெல்லாம் தலை!" என்றேன்.

"வாலுக்கு எப்படித் தாத்தா தலை இருக்கும்?"

பேட்டி எடுக்கத் தகுதியான பையன்தான்.

ரெங்குடு யாரென்று இந்தத் தலைமுறைக்குப் புரிய வைப்பது கஷ்டம். ஆனந்த விகடனில் மதன் வரைந்த கார்ட்டூன் பையன். மதன் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். ரங்கநாதனை ரெங்குடுவாக்கும் செல்லம் அந்த மண்ணுக்கே உரியது. ஆனால் எனக்கு ரெங்குடு மேல் இருப்பது வெறும் பாசமில்லை. ஒரு பழைய கணக்கு.

என் அம்மா விகடனில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பாள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்த திருப்பணிதான் இது. கதைப் பக்கத்தின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது கிழிப்பவர்களுக்கு முக்கியமில்லை. எங்கள் புதுச்சேரியில் பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு பைண்டர் இருந்தார். ஓரத்தைச் சீராக வெட்டுவதில் அப்படி ஒரு பிரியம் அவருக்கு. ஒரு தடவை, நான் இன்னும் பார்க்காத இதழிலிருந்து கிழித்த பக்கத்தின் பின்னால் ஒரு ரெங்குடு அகப்பட்டுக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு நிற்கிறான். எதிரே ஒரு பெரியவர் வாயைப் பிளந்தபடி நிற்கிறார். படத்துக்குக் கீழே இருந்த வசனம் பைண்டரின் கத்திக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நாற்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு அந்த வசனம் தெரியாது. கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது மட்டும் முன்பக்கத்தைப் பார்த்துத் தெரியும்.

ஆகவே பேட்டியை நானே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

இடம்: கடற்கரைச் சாலை. நேரம்: மாலை ஆறு மணிக்கு மேல். ஆறிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டிகள் போகக் கூடாது. ரெங்குடு மாதிரி ஆளை வண்டி ஓடும் சாலைக்குக் கூப்பிட்டால் வண்டிகளுக்குத்தான் ஆபத்து. காந்தி சிலைக்கு எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். வந்தான்.

"வால் எங்கடா?" என்றேன் முதல் கேள்வியாக.

"பேருக்குத்தான் மாமா ரெட்டைவால். உங்க ஊருக்குக்கூட புதுச்சேரின்னு பேரு. எங்க புதுசு?"

நோட்டில் எழுதிக்கொண்டேன். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களைப் பற்றி விசாரித்தேன். 1951 மார்ச் 12 அன்று, அமெரிக்காவில் ஒரு டென்னிஸும் இங்கிலாந்தில் ஒரு டென்னிஸும் வெளிவந்தார்கள். இரண்டு பேருமே வால் பையன்கள். வரைந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். கடல் தாண்டி, ஒரே நாளில், ஒரே பேரில். கார்ட்டூன் உலகத்தில் இதைவிடப் பெரிய தற்செயல் எனக்குத் தெரிந்து இல்லை.

"அவாளுக்கு ரெண்டு வாலுக்கு ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. நான் ஒருத்தனே சுமக்கறேன்" என்றான் ரெங்குடு.

கொஞ்சம் நடந்தோம். ஊரைக் காட்டலாமே என்று, "அதோ ரூ துய்மா, அந்தப் பக்கம் ரூ சுய்ப்ரேன்" என்றேன்.

"எத்தனை ரூ?"

"ரூன்னா ரூபாய் இல்லடா. பிரெஞ்சுல வீதின்னு அர்த்தம்."

"அப்ப எனக்கு ஒரு பத்து வீதி குடுங்கோ. சுண்டல் வாங்கணும்."

கொடுத்தேன். மீதியை அவன் இன்னும் தரவில்லை.

பிரெஞ்சு என்றதும் எங்கள் தெரு சொல்தா தாத்தா நினைவுக்கு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் வீட்டுத் தோட்டத்தில் எங்கள் பந்து விழும்போதெல்லாம் "மெர்து!" என்று கத்துவார். 'மெர்சி' என்றால் நன்றி என்று எங்களுக்குத் தெரியும். வயசானவர், பல் இல்லை, நன்றியைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, மரியாதையாகக் கைகூப்பிவிட்டு மறுபடியும் பந்தைப் போடுவோம். அர்த்தம் புரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அவர் இல்லை.

ரெங்குடு இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

சாலையின் தெற்குக் கோடியில் சிறுவர் பூங்கா. அங்கே துய்ப்ளேக்ஸ் சிலை. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த ஊரின் கவர்னர். சிலை வைத்தது 1870-ல். இந்த இடத்துக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு.

"பசங்க பார்க்குல இவ்வளவு பெரியவர் எதுக்கு நிக்கறார்? வாத்தியார் ஏறி நிக்கச் சொன்னாரா?"

"இந்தியா பூராவையும் பிரெஞ்சுக்குப் பிடிச்சுத் தரப் பார்த்தவருடா. அவங்க ஊர்லயே திரும்பக் கூப்பிட்டுட்டாங்க."

"அதான் முட்டி போடாம நிக்கவாவது விட்டிருக்கா" என்று அனுதாபத்தோடு நிமிர்ந்து பார்த்தான்.

சரித்திரம் என்று வந்ததும், மதன் முகலாயர் வரலாற்றை 'வந்தார்கள் வென்றார்கள்' என்று எழுதியதையும், வாசகர் கேள்விகளுக்கு வாரா வாரம் பதில் சொன்னதையும் நினைவுபடுத்தி, "உன்னை வரைஞ்சவர் ஊருக்கெல்லாம் பதில் சொன்னாரே, நீ மட்டும் ஏண்டா நேராப் பதில் சொல்ல மாட்டேங்கறே?" என்றேன்.

"அவர் கேட்டதுக்குப் பதில் சொல்றவர். நான் கேக்காததுக்குச் சொல்றவன்."

இருட்டத் தொடங்கியது. சிவப்பு கெப்பித் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் எங்களைக் கடந்து போனார். ரெங்குடுவின் பார்வை அந்தக் கெப்பி மேலேயே நின்றது. நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். தமிழ்ப் பத்திரிகையில் கேலிச்சித்திரம் பேர் வாங்கியதில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு என்றேன். முதல் பக்கத்திலேயே கேலிச்சித்திரம் போட்ட 'இந்தியா' வார இதழ், 1908-ல் பிரிட்டிஷார் கைக்குத் தப்பி இங்கே வந்தது, பாரதியாரும் வந்தார். பத்து வருஷம் இருந்தார். அவர் குடியிருந்த வீடு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இப்போதும் இருக்கிறது. பத்திரிகை அவ்வளவு நாள் தாங்கவில்லை. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையவே கூடாது என்று தடை போட்டார்கள், 1910-ல் நின்றது.

முதல் முறையாகக் கண்ணை அகல விரித்துக் கேட்டான். "ஒரு படம் போட்டதுக்கு ராஜாங்கமே பயந்துதா மாமா? எங்காத்துல நான் நேர்ல வந்தாக்கூட அவ்வளவு பயம் கிடையாது."

"பிரெஞ்சுக்காரர் போனது எப்போ?" என்று அடுத்த கேள்வியை அவனே கேட்டான். பேட்டி எப்போது கை மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"1954 நவம்பர் 1. சட்டப்படி முழுசா முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16. நாங்க மட்டும் இல்ல. தெற்கே காரைக்கால், கேரளாவுக்குள்ள மாகே, ஆந்திராவுக்குள்ள ஏனாம். எல்லாம் சேர்ந்துதான் புதுச்சேரி."

விரல் விட்டு எண்ணினான். "எனக்கு ரெண்டுதான் மாமா. உங்க ஊருக்கு மூணு வாலு! அதுவும் ஒண்ணு மலையாளம், ஒண்ணு தெலுங்கு பேசறது. என்னைப் போய் வாலுங்கறேளே!"

இதற்கு மேல் தள்ளிப் போடக் கூடாது என்று அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். கிழிந்த பக்கம், முதுகுக்குப் பின்னால் மறைத்த கை, வாயைப் பிளந்த பெரியவர், பைண்டர் எல்லாம் சொன்னேன். "கீழே என்னடா எழுதியிருந்தது? கையில என்னடா வெச்சிருந்தே?"

ரெங்குடு பதில் சொல்லவில்லை. எழுந்து எனக்கு எதிரே வந்து நின்றான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

"என்னடா அது?"

மடியைப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தைக் காணோம்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பேரன் மட்டும் நம்பினான். பரணிலிருந்து பைண்டு புத்தகத்தை இறக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, நான் "வேண்டாம்டா" என்பதற்குள் கிழித்துத் தன் நோட்டில் ஒட்டிவிட்டான். கதாநாயகியின் கல்யாணம் பசைக்குள் போயிற்று. பிறகு வெட்டுப்பட்ட ஓரத்துக்குக் கீழே பென்சிலால் எழுதினான்:

'தாத்தா பேட்டி எடுக்கிறார்.'