மந்திர வட்டத்துப் பெயர்கள்: அவசரமில்லாத ஓர் ஆராய்ச்சி

உலகில் தீராத சிக்கல்கள் எத்தனையோ இருக்க, விக்கா நெறியினர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் சடங்குப் பெயர்களை யாம் ஆராயப் புகுந்தது என்னை எனின், மற்றச் சிக்கல்களுக்கெல்லாம் முன்பே ஆள் போட்டுவிட்டார்கள் என்க.

விக்கா என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தலைகாட்டிய சூனியக்கார சமயம். சூனியம் என்றதும் முச்சந்தியில் கிடக்கும் எலுமிச்சம்பழம் நினைவுக்கு வர வேண்டியதில்லை. இவர்களுடையது நிலவு, பருவங்கள், ஓர் இறைவி, ஓர் இறைவன், ஆண்டுக்கு எட்டுத் திருநாள் என்று ஓடுகிற வழிபாடு. தீட்சை பெறுபவர் புதுப்பெயர் ஒன்றை ஏற்கிறார். தரையில் வரையும் வட்டத்துக்குள் அந்தப் பெயர்தான் செல்லும். வெளியே அதை வாய்விட்டுச் சொல்லலாகாது. இலக்கணத்தை இவ்வளவு எழுதியதுமே ஒரு தடை எழுகிறது. வெளியே சொல்லலாகாத பெயர்கள் எனின், நாற்காலியை விட்டு எழாத எமக்கு அவை எப்படி வந்து சேர்ந்தன?

இந்நெறியின் தந்தை ஜெரால்டு கார்ட்னர் (1884–1964). அவருடைய சடங்குப் பெயர் ஸ்கைரே. இந்த ரகசியப் பெயர் எங்கே கிடைக்கிறது என்று ஓலைச்சுவடி புரட்ட வேண்டாம். 1949இல் அவர் எழுதி வெளியிட்ட ‘ஹை மேஜிக்ஸ் எய்ட்’ என்ற நாவலின் முகப்பில், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அச்சில் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் மந்திரச் சங்கத்தில் அவர் எட்டிய படிநிலையும் போட்டிருக்கிறது. விலை கொடுத்தவர் எவரும் தெரிந்துகொள்ளலாம். அவர்களுக்குத் தெரியாமல் போனது கார்ட்னர் என்ற பெயர்தான்.

காரணம் வெளிப்படை. பிரிட்டனில் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. மாயசக்தி இருப்பதாகப் பாவனை செய்வோரை உள்ளே தள்ள அது போதும். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஹெலன் டங்கன் என்ற அம்மையாருக்கு 1944இல் ஒன்பது மாதச் சிறை விதித்தார்கள். 1951இல் சட்டம் நீக்கப்பட்டது. 1954இல் கார்ட்னர் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ என்ற நூலைத் தம் சொந்தப் பெயரிலேயே கொண்டுவந்தார். ஸ்கைரே முகப்பிலிருந்து இறங்கி வட்டத்துக்குள் போய்விட்டார்.

இதனால் பெறப்படுவது யாதெனின், ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தால் அவற்றுள் எது ரகசியம் என்பதை இறைவி தீர்மானிப்பதில்லை, நாடாளுமன்றம் தீர்மானிக்கிறது. இது இக்கட்டுரையின் முதன்மைக் கண்டுபிடிப்பு. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆய்வுக்கட்டுரைக்கு ஒரு பருமன் வேண்டும்.

ஓர் இடைப்பிறவரல். கார்ட்னர் இருபது வயது எட்டுமுன்பே இலங்கைக்குப் போய் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழில் பழகியவர். பின்னாளில் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தார். தோட்டத்தில் பெரியவருக்கு அடுத்த நிலையிலுள்ள வெள்ளைக்காரரைச் சின்னதுரை என்பது அங்குள்ள தமிழ்த் தொழிலாளர் வழக்கு. ஆகவே ஸ்கைரேக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, கொழுந்துக் கூடைகளின் நடுவே, அவருக்கு ஒரு சடங்குப் பெயர் கிடைத்திருக்கும் என்பதும், அது தமிழ்ப்பெயர் என்பதும் எம் துணிபு. மறுப்போர் மறுக்க.

கார்ட்னரோடு சேர்ந்து சடங்கு நடத்திய அம்மையார் ஒருவரை நெடுங்காலம் உலகம் டாஃபோ என்றே அறிந்திருந்தது. அங்கேயும் வெளியே உலவியது சடங்குப் பெயர். பதுங்கியிருந்தது பெற்றோர் வைத்த பெயர். இதைவிட வேடிக்கையானது ‘கிழ டோரதி’ விவகாரம். 1939இல் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் வட்டாரத்தில் இந்த அம்மையார் வீட்டில்தான் தமக்குத் தீட்சை நடந்தது என்று கார்ட்னர் சொல்லிவந்தார். முழுப்பெயர் டோரதி கிளட்டர்பக் என்று பிற்பாடு தெரிந்தது. கேட்ட அறிஞர்கள், அப்படி ஒருத்தி இருந்திருக்க முடியாது, இது கார்ட்னர் கட்டிவிட்டது என்றார்கள். கார்ட்னரின் தலைமைப் பூசாரிணியாக இருந்த டோரின் வாலியன்டி 1980இல் பதிவேடுகளைத் தோண்டத் தொடங்கி, அந்த அம்மையார் 1880இல் நம் வங்காளத்தில் பிறந்து 1951இல் இங்கிலாந்தில் இறந்ததைச் சான்றிதழோடு நிறுவினார். ஸ்கைரேயை நம்பியவர்களுக்குக் கிளட்டர்பக்கை நம்ப முடியவில்லை. புனைபெயர்கள் எல்லாம் உண்மை போலிருக்க, ஓர் உண்மைப் பெயர் மட்டும் புனைபெயராகக் குற்றம் சாட்டப்பட்டது பெயரியல் வரலாற்றில் அரிது.

புதுப்பெயர் சூட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? 1921இல் மார்கரெட் மரே என்ற அம்மையார் ஐரோப்பியச் சூனிய வழக்குகளைத் தொகுத்து, அவை ஒரு தொல்சமயத்தின் எச்சம் என்று நூல் எழுதினார். வரலாற்றாசிரியர்கள் அதைக் கழித்துக்கட்டினர்; கார்ட்னர் எடுத்து வைத்துக்கொண்டார். வழக்குகளில் புகழ்பெற்றது ஸ்காட்லாந்தின் ஆல்டர்ன் ஊரைச் சேர்ந்த இசபெல் கௌடி 1662இல் தந்த வாக்குமூலம். அந்தக் காலத்தில் வாக்குமூலம் எப்படி வாங்குவார்கள் என்பதை எண்ணினால் சிரிப்புக்கு இடமில்லை. ஆயினும் கடமை எம்மை விடவில்லை. வாக்குமூலத்தின்படி, சாத்தான் தேவாலயத்துக்குள் வந்து, அவள் இரத்தத்தையே தெளித்து, தன் பெயரால் ஞானஸ்நானம் செய்து அவளுக்குச் சூட்டிய பெயர் ஜேனட். அன்றைய ஸ்காட்லாந்தில் தெருவுக்கு நாலு ஜேனட் இருப்பார்கள். இருள் உலகத்துக்கே அரசன், கற்பனையில் இவ்வளவு வறியவன் என்று யாம் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய தோழியருக்கு இருந்த பட்டப்பெயர்கள் எவ்வளவோ தேவலை: ஒருத்தி ‘திடமும் தெம்பும்’, இன்னொருத்தி ‘மதிலுக்கு அப்பால் தள்ளு’.

பிற்கால அமெரிக்காவில் ஜேனட்டுகள் அருகிவிட்டனர். 1979இல் ‘தி ஸ்பைரல் டான்ஸ்’ எழுதிய மிரியம் சிமோஸ், ஸ்டார்ஹாக் ஆனார், நட்சத்திரமும் பருந்தும். சில்வர் ரேவன்உல்ஃப் என்ற எழுத்தாளர் பெயரில் ஓர் உலோகம், ஒரு பறவை, ஒரு விலங்கு ஆகிய மூன்றும் இடிபடாமல் அமர்ந்திருக்கின்றன. இரண்டும் நூல் அட்டையில் இருப்பவை. கார்ட்னர் முகப்பிலிருந்து இறக்கியதை இவர்கள் மறுபடி ஏற்றிவிட்டார்கள். சட்டமும் இல்லை, பயமும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. வட்டத்துக்குள் ரகசியம் காக்க விரும்புவோர் இன்னொரு பெயர் தேட வேண்டியதாயிற்று. கூலி, குடும்பம், கும்பிடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் என்று மூன்றைச் சுமப்பவர் நினைவாற்றலை எம்மால் வியக்கத்தான் முடிகிறது.

இனிக் கணக்கு. ரேமண்ட் பக்லாண்ட், ஸ்காட்லாந்தில் தீட்சை பெற்று கார்ட்னரின் நெறியை அமெரிக்காவில் நட்டவர். 1986இல் வெளிவந்த தம் பெரும்பாடநூலில், சடங்குப் பெயரின் கூட்டெண் பிறந்த தேதியின் கூட்டெண்ணோடு பொருந்த வேண்டும் என்று வழி சொல்கிறார். ஆங்கில எழுத்துகளுக்கு வரிசையாக 1 முதல் 9 வரை, பத்தாவது எழுத்திலிருந்து திரும்பவும் 1. பெயரில் ஓர் ‘ஏ’யைக் கூடுதலாகப் போட்டால் பதவி உயர்வு வரும் என்று நம் ஊர் எண்கணித சோதிடர் சொல்வதற்கு அத்தை மகன் முறை. மற்றவர்கள் இந்நூலைப் படித்துப் பெயர் வைக்கவில்லை என்பது எமக்குத் தெரியும். தெரிந்தும் சோதித்தோம்.

ஸ்கைரே: எஸ் 1, சி 3, ஐ 9, ஆர் 9, இ 5. கூட்டினால் 27, சுருக்கினால் 9. கார்ட்னர் பிறந்தது 13.6.1884, சுருக்கினால் 4. தந்தையே தேறவில்லை. டோரின் வாலியன்டியின் பெயர் அமெத், எண் 2. பிறந்த எண் 1. சூனியக்காரர்களின் அரசன் என்று பத்திரிகைகள் கொண்டாடிய அலெக்ஸ் சாண்டர்ஸ் வட்டத்துக்குள் வெர்பியஸ், எண் 6. பிறந்த எண் 3. ஸ்டார்ஹாக் 2; அவர் பிறந்த எண்ணும் 3. வரிசையாகத் தோல்வி.

பக்லாண்டின் சடங்குப் பெயர் ராபட். ஆர் 9, ஓ 6, பி 2, ஏ 1, டி 2. மொத்தம் 20, எண் 2. பிறந்தது 31.8.1934, 29, 11, எண் 2. வினாத்தாள் தயாரித்தவர் மட்டும் தேர்ச்சி.

எஞ்சியவர் விக்காவின் பக்கத்து வீட்டுப் பேகன் (தொல்சமய மீட்பாளர்), டிம் ஜெல். இவர் முதலில் ஆட்டர், அதாவது நீர்நாய், என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1990களில் நீர்நாயை விடுத்துத் தேவதைகளின் அரசனான ஒபரான் ஆனார். ஆற்றிலிருந்து அரியணைக்கு ஏறிய ஏற்றம் பெரிதுதான். கணக்கில் ஆட்டர் 24, எண் 6. ஒபரான் 33, அதுவும் 6. பிறந்தது 30.11.1942, எண் 3. ஒபரானில் எங்கேனும் இன்னுமொரு ‘ஓ’வைச் செருகினால் 39, அதாவது 12, அதாவது 3. நீர்நாயில் செருகினாலும் 30, அதாவது 3. அரியணை ஏறாமலே ஆகியிருக்க வேண்டிய காரியம்.