டிரெட்மில் பண்டிதர்

தர்க்கத்திற்கும் வியாகரணத்திற்கும் பண்டிதர்கள் அருகிவிட்ட இக்காலத்தில், இதயத் துடிப்பை ஏற்றும் இயந்திரங்களுக்கென்று ஒரு பண்டித வம்சம் தோன்றியிருப்பது நம் கோலார் தங்க வயலுக்குப் பெருமையே. ராபர்ட்சன்பேட்டையில் மாலை வேளையில் ஏதேனும் ஒரு ஜிம்முக்குள் நுழைந்து பாருங்கள்: கழுத்தில் துவாலையும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாக, சரீர வருத்தம் சிறிதுமின்றி, ஆயினும் சரீர வருத்தத்தின் சாஸ்திரம் முழுவதையும் கரைத்துக் குடித்த தோரணையில், நாற்பது கடந்த ஒருவர் டிரெட்மில்லின்மேல் நின்றுகொண்டிருப்பார். இயந்திரம் ஓடாது. ஆனால், விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவதற்கென்று கயிற்றோடு தொங்கும் அந்தச் சிவப்புச் சாவியை மட்டும் பனியனில் மறவாமல் மாட்டியிருப்பார்.

புதிதாகச் சேர்ந்த பையன் எவனாவது, "அண்ணா, எதுல ஏறட்டும்?" என்று கேட்டுவிட்டால் போயிற்று.

"மொதல்ல முழங்கால் எப்படி இருக்குதுன்னு சொல்லு தம்பி" என்று தொடங்குவார். டிரெட்மில்லில் ஒவ்வோர் எட்டுக்கும் உடலின் பாரம் முழங்காலில் இறங்குகிறது என்பதும், எலிப்டிகலில் பாதம் மிதியை விட்டு எழும்பாததால் மூட்டுக்கு க்ஷேமம் என்பதும், சைக்கிளில் பாரத்தை ஆசனம் தாங்கிக்கொள்ளத் தொடைகளே கடனைத் தீர்க்கின்றன என்பதும், துடுப்பு வலிக்கும் ரோயிங் மிஷினோ கால், முதுகு, கை மூன்றையும் ஒருங்கே வேலை வாங்குவதால் சர்வோத்தமம் என்பதும் அவர் வாயிலிருந்து பிரவாகமாக வரும். இவற்றில் ஒன்றுகூடத் தவறன்று, அதுதான் துயரம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் இதயம் துடிக்கக்கூடிய உச்ச எண் கிடைக்கும் என்பார். அது சராசரிக் கணக்கே, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு மாறும் என்று தாமே திருத்தமும் சொல்வார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தால் உடல் செலவிடும் சக்தி குறைந்துவிடும், திரையோ அதை அறியாமல் கலோரியை எண்ணிக்கொண்டே போகும் என்ற சூக்ஷ்மத்தைக் கைப்பிடியில் சாய்ந்தபடியே விளக்குவார். ஸ்கிப்பிங் கயிற்றைப் பற்றி மட்டும் பேசமாட்டார். அத்தனை மலிவான பொருள் ஆராய்ச்சிக்குத் தகுதியற்றது என்பது அவர் சித்தாந்தம்.

சரித்திரத்திலும் அவருக்குப் புலமை உண்டு. 1818-இல் வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கிலேயர் சிறைக் கைதிகளுக்காக அமைத்த மிதிசக்கரமே டிரெட்மில்லின் மூதாதை என்றும், அது கொடிய தண்டனையென்று 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறைகளிலிருந்து ஒழிக்கப்பட்டதென்றும் அறிந்தவர். அந்தத் தண்டனைக்கு மாதச் சந்தா கட்டுகிறவர். தண்டனையை மட்டும் அனுபவிப்பதில்லை.

இதை எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய இந்தச் சுரங்கங்களில், வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த பாட்டன்மார், பாறையின் உஷ்ணம் அறுபது டிகிரியைத் தாண்டும் ஆழத்தில், கூண்டில் இறங்கி வியர்வையில் ஊறினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அவர்களில் எவரும் இன்றைக்குக் கடப்பாரையா, மண்வெட்டியா, எது இதயத்திற்கு உகந்தது என்று மேஸ்திரியிடம் வினவியதாகச் செய்தி இல்லை.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. நமது பண்டிதரும் நாள்தோறும் விடியலில் ரயிலேறும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். காப்பியை ஆற அமரக் குடித்துவிட்டு, வண்டியின் ஊதல் கேட்டபின் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கோரமண்டல் நிலையத்தை நோக்கி அவர் ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அதற்கு ஈடான இதயப் பயிற்சி அந்த ஜிம்மில் எவருக்கும் வாய்ப்பதில்லை. மனிதர் இன்னும் திடமாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பது என் துணிபு. அவரோ அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குத் திரை இல்லை, பொத்தான் இல்லை, ஒப்பிட இன்னொன்றும் இல்லை.

வெளியூரிலிருந்து வரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அவரிடம் சிக்கிக்கொண்டு, திரும்பிப் போக வண்டிக்கு நேரமாகிவிட்டதென்றால், மனம் நோக எதுவும் சொல்லிவிடாதீர்கள். ஸ்கிப்பிங் கயிறு எங்கே விற்கும் என்று கேளுங்கள், உடனே விட்டுவிடுவார்.