அரண்மனைக்கு முதுகு கிடையாது

கேள்வி: நன்றாகப் படம் வரைகிறவர் நாடகத்துக்கு செட் போடக் கற்றுக்கொள்வது சுலபம்தானே?

பதில்: பாதி சுலபம். மீதிப் பாதியில் சுத்தியல், அளவுநாடா, தயாரிப்பாளரின் பர்ஸ் எல்லாம் குறுக்கே வரும்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் மேடை வடிவமைப்பும் உண்டு. இந்தத் தொழிலில் செட்டுக்கு முன்னால் பிறப்பது அட்டை மாதிரி. 1:25 அளவில் செய்தால் ஆறடி ராவணனும் ஏழு சென்டிமீட்டர்தான்! அந்தச் சுண்டுவிரல் ஆளை நிறுத்தித்தான் கதவின் உயரத்தையும், ஓரத்து இருக்கைக்காரருக்கு சிம்மாசனம் தெரிகிறதா என்பதையும் பார்க்கிறார்கள்.

மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி வண்ணம் பூசினால் கருங்கல் சுவர் தயார். பின்னால் முட்டு சரியில்லை என்றால், ராஜா கதவைச் சாத்தும்போது கோட்டையே ஆடும்.

'இலங்கேஸ்வரன்' நாடகப் புகழ் நடிகர் ஆர்.எஸ். மனோகர் தந்திரக் காட்சிகளுக்காகவே கூட்டம் சேர்த்தவர். ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு அந்தப் பிரம்மாண்டமெல்லாம் ராத்திரியே பிரிய வேண்டும். அடுத்த ஊரில் மறுபடி எழவும் வேண்டும்.