அடுப்பு மேலே இல்லை

கேள்வி: மலை ஏறினால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம்? பிறகு கொடைக்கானலில் ஏன் சார் குளிர்கிறது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. நீங்கள் ஏறியது வெறும் 2 கிலோமீட்டர்! இன்னொன்றும் கேளுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி தொடக்கத்தில், நாம் போர்வை தேடும் மார்கழியில். ஜூலையைவிட அப்போது சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறோம்.

வெயிலில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்காமல் கடந்து தரையில் இறங்குகிறது. சூடேறிய தரை அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே விடுகிறது. உலைப்பானைபோலக் காற்றுக்கும் சூடு கீழேயிருந்துதான். மேலெழும் காற்று விரிந்து குளிர்வதால், கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது.

காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கதிரைப் போகவிட்டுவிடும். மறிப்பவை நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற சிறுபான்மையினர். கதிரை உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்புகிறார்கள். 1859-இல் லண்டனில் ஜான் டிண்டல் வாயுக்களைக் குழாயில் அடைத்து இந்த உறிஞ்சலை அளந்தார். இந்தச் சிறுபான்மையினர் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. இருப்பதால் சுமார் 15.

எனவே அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, நன்றிதான். அளவு மீறுவதுதான் கவலை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயுவை எரித்து நாமே ஏற்றிய கூடுதல் அது.