புள்ளியார் வைத்த ஆப்பு

1970களின் தொடக்கம். நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனுக்கும் டென்னிஸ் ரிட்சிக்கும் இட நெருக்கடி. அவர்கள் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் கமாண்டுகள் குடியிருந்த ‘பின்’ டைரக்டரி, டிஸ்க் கொள்ளாமல் பிதுங்கியது. பக்கத்து டிஸ்கில் பயனர்கள் குடியிருந்த ‘யூஎஸ்ஆர்’ பேட்டைக்குள் புகுந்து அங்கேயும் ஒரு ‘பின்’ திறந்தார்கள். அவசரத்துக்குப் போட்ட கொட்டகைதான். ஐம்பது வருஷமாகியும் யாரும் பிரிக்கவில்லை.

தேட வேண்டிய இடம் கூடிவிட்டதால், நாம் அடிக்கிற கமாண்டைத் தேடி ஓட்டுகிற ஷெல்லுக்கு ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. முதலில் நிற்கிற டைரக்டரியில் பார், இல்லையென்றால் பின், பிறகு யூஎஸ்ஆர் பின். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீவ் போர்னின் ஷெல், ‘பாத்’ என்ற பெயரில் இந்தப் பட்டியலைப் பயனரிடமே கொடுத்தது. ஆனால் முதல் இடம் அதே ஆளுக்குத்தான்: நிற்கிற டைரக்டரி, சுருக்கமாகப் புள்ளி. திண்ணையில் உட்கார்ந்திருப்பவனை வீட்டுக்காரன் என்று நம்பிச் சாவியைக் கொடுக்கிற கதை.

ஒரே கணினியைப் பலர் பங்கிட்ட கல்லூரிகளில் குறும்புக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கமாண்டின் பெயரிலேயே ஒருவன் ஒரு குட்டி நிரலை எழுதித் தன் டைரக்டரியில் போடுவான். “சார், என் ஃபைல் என்னமோ ஆயிடுச்சு, கொஞ்சம் பாருங்களேன்” என்று பவ்யமாக நிற்பான். சகல அதிகாரமும் உள்ள ‘ரூட்’ பயனராக நுழைந்திருந்த நிர்வாகி அந்த டைரக்டரிக்குள் போய் எல்எஸ் அடிப்பார். போலி எல்எஸ், ரூட் அதிகாரத்தோடு ஷெல்லுக்கு ஒரு நகலெடுத்து ஒளித்துவிட்டு, தன்னைத்தானே அழித்துக்கொண்டு, அசல் எல்எஸ்ஸைக் கூப்பிடும். பட்டியல் ஒழுங்காக வரும். “எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று சார் கிளம்புவார்.

உஷாரானவர்கள் புள்ளியைக் கடைசிக்குத் தள்ளினார்கள். பையன்கள் ‘எஸ்எல்’ என்று பெயர் வைத்தார்கள். அவசரத்தில் விரல் தடுமாறாத நிர்வாகி உண்டா? கடைசியில் புள்ளியையே பட்டியலிலிருந்து துரத்தினார்கள். இன்று லினக்ஸில் சொந்த நிரலை ஓட்டப் புள்ளியும் சாய்கோடும் போடுகிறோமே, அந்த அக்கப்போரின் மிச்சம்தான்.

1983இல் டைரக்டரிகளோடு வந்த எம்எஸ்-டாஸ் 2.0 இதில் எதையும் காதில் வாங்கவில்லை. நிற்கிற இடத்துக்கே முதல் மரியாதை! விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ப்ட் இன்றும் அப்படித்தான். பவர்ஷெல்லுக்கு மட்டும் புத்தி வந்திருக்கிறது.

வீட்டுக் கணினியில் குறும்புப் பையன் இல்லை. அந்தக் குறையை நாமே தீர்த்துக்கொள்கிறோம். பழைய பாத்தின் வாலில் புது டைரக்டரியை ஒட்டாமல் மொத்தத்தையும் அழித்து எழுதினால், எல்எஸ்கூட ‘அப்படி யாரும் இல்லை’ என்றாகிவிடும். மாற்றுமுன் பழையதை ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். புது ஜன்னலில் சோதிக்கும்வரை பழைய ஜன்னலை மூடாதீர்கள். விண்டோஸில் ‘செட்எக்ஸ்’ கமாண்டின் பக்கமே போகாதீர்கள். நீளமான பாத்தை 1024 எழுத்தோடு வெட்டிவிட்டு, வெட்டியதாக ஒரு வரி எச்சரிக்கும். அடுத்த வரியிலேயே, வெற்றிகரமாகச் சேமித்தாயிற்று என்று பெருமையடிக்கும்.